திதிமணியின் பழுப்புச் சீசா

என் கையெழுத்தை முதலில் மன்னித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கடைக்குச் சாமான் சீட்டு எழுதத்தான். சின்ன ர எது, பெரிய ற எது, ஒற்று எங்கே வரும் என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. மகள் செல்வி திருத்தித் தருகிறேன் என்றாள். ஆனால் அவளுக்குத் தமிழைவிட வங்காளம்தான் நன்றாக எழுத வரும். ஆகவே தப்பு இருந்தால் அது இரண்டு பேருடையது.

நாலு பேர் முன்னால் சேர்ந்தாற்போலப் பேச எனக்கு வராது. திதிமணியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே "ரொம்ப நல்லவங்க" என்று முடித்துவிட்டு இட்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன். அவர் நல்லவர்தான். ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது அது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

டாக்குரியா ஸ்டேஷனிலிருந்து இறங்கி வரும் வழியில் எங்கள் டிபன் கடை இருக்கிறது. அவர் பவானிபூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் சொன்னார். உயிருள்ளவற்றின் உடம்பு என்னென்ன சரக்கால் ஆனது, எந்தச் சரக்கு என்ன வேலை செய்கிறது என்பதுதான் அவர் பாடம். தமிழர்தான். அப்பா ரயில்வே வேலைக்கு வந்தவர், இவர் பிறந்தது ஹவுராவில். தமிழ் பேசுவார். சந்தோஷம் வந்தால் மட்டும் வங்காளம் வந்துவிடும். பெண் ஆசிரியரை இங்கே திதிமணி என்பார்கள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அப்படிக் கூப்பிட, எங்களுக்கும் அவர் திதிமணி ஆகிவிட்டார். பெயர் எனக்குத் தெரியும். எழுதக் கை கூசுகிறது.

முதல் நாள் வந்தபோது இரண்டு இட்லி கேட்டார். வைத்தேன். சாப்பிடவில்லை. ஒன்றைப் பிட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, கைகட்டிக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏதாவது குறையா அம்மா?"

"இல்ல அண்ணா. ஆறட்டும். சூட்டுல நிறம் வராது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தோள் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்னச் சீசாவை எடுத்தார். பழுப்புக் கண்ணாடி, மூடியில் ரப்பர் குமிழ். அதிலிருந்து ஒரு சொட்டைப் பிட்ட துண்டின் மேல் விட்டார். வெள்ளை இட்லி கண் முன்னால் மையைக் கொட்டினது போலக் கருநீலம் ஆனது.

பக்கத்துப் பெஞ்சில் இருந்த வங்காளி பாபு தோசையைக் கீழே வைத்துவிட்டார். "விஷமா? திதி, விஷமா?" என்று வங்காளத்தில் கேட்டார். திதி என்றால் அக்கா. சுகாதார ஆபீசிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் சட்னிப் பாத்திரத்தை அவசரமாக மூடினேன்.

"விஷம் இல்ல, மாவுச்சத்து! காயத்துக்குப் போடுற அயோடின்தான் இது. மாவுச்சத்து இருந்தா இப்படி நீலமாகும்" என்றார் அவர். பிறகு அந்தத் துண்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "கீ ஷுந்தோர்!" என்றார். எவ்வளவு அழகு என்று அர்த்தம்.

எத்தனை ஆயிரம் தடவை அதைப் பார்த்திருப்பார்! கல்லூரியில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவதும் அதுதானாம். ஆனாலும் அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பவர் போல இருந்தார். அவரை எனக்குத் தெரிந்த காலம் முழுக்க அப்படித்தான் இருந்தார். எந்தப் பொருளைப் பார்த்தாலும் ஒரு கேள்வி: "உள்ள என்ன இருக்கு?" பதில் தெரிந்ததும் ஒரு வார்த்தை: "கீ ஷுந்தோர்!" பதில் முன்பே தெரிந்திருந்தால் என்ன, அதே வார்த்தைதான்.

அவருடைய வலது கை விரல்நுனிகள் எப்போதும் மஞ்சளாக இருக்கும். இட்லியைக் கையால் பிசைந்தால் நுனி நீலமாகும். கை கழுவும் இடத்தில் அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொள்வார்.

தேங்காய்ச் சட்னியில் சொட்டு விட்டால் நீலம் வராது. அதைக் காகிதத்தில் தடவி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். காகிதம் கண்ணாடி போலத் தெரியும். "இது கொழுப்பு. சேர்த்து வைக்கிற சரக்கு. தேங்காய் தன் பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்த சோத்து மூட்டை. நம்ம உடம்புல ஒவ்வொரு உயிரணுவுக்கும் சுவரே இந்தக் கொழுப்புதான், தெரியுமா?" எனக்குத் தெரியாது. கொழுப்பு என்றால் திமிர் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள்.

ஒரு நாள் ஆபீசுக்குப் போகிற ஒரு குமாஸ்தாவைப் பிடித்துக்கொண்டார். இட்லியைச் சட்னி தொடாமல் மென்று பார்க்கச் சொன்னார்.

"திதிமணி, ட்ரெயின் போயிடும்."

"போகட்டும். முழுங்காதீங்க. மெல்லுங்க."

"எவ்வளவு நேரம்?"

"இனிக்கிற வரைக்கும்."

அந்த மனுஷர் கண்ணை மூடி மென்றார். கடையே அவர் வாயைப் பார்த்தது. திடீரென்று கண்ணைத் திறந்து, "ஆமா, இனிக்குது!" என்றார். திதிமணிக்கு முகம் பூரித்துவிட்டது. "மாவுச்சத்துன்னா சர்க்கரையை மாலை மாதிரி கோத்தது. உங்க எச்சில்ல ஒரு கத்தரிக்கோல் இருக்கு, அது மாலையை வெட்டிப் போடுது. அந்தக் கத்தரிக்கோல் ஒரு புரதம். நீங்க பிறந்ததுலேர்ந்து உங்க வாயில உட்கார்ந்து வேலை பார்க்குது, ஒரு நாளாவது அதுக்கு நமஸ்காரம் சொன்னீங்களா?" அன்றைக்கு அவர் அடுத்த ரயிலில்தான் போனார்.

குளிர்காலத்தில் இந்த ஊரில் மாவு பொங்காது. வாளிக்குக் கம்பளி சுற்றி, மேலே என் பழைய குரங்குக் குல்லாவை மாட்டி வைப்பேன். இங்கே கார்த்திகை பிறந்தாலே கிழவர் முதல் குழந்தை வரை அந்தக் குல்லாதான். திதிமணி அதைப் பார்த்துச் சிரிசிரி என்று சிரித்துவிட்டு, வாளியில் காதை வைத்துக் கேட்டார். "உள்ள கோடிக்கணக்கான பேர் வேலை செய்றாங்க அண்ணா. சர்க்கரையைத் தின்னு காத்தை விடுறாங்க. அவங்களுக்கும் குளிராதா? நல்ல காரியம் பண்ணீங்க." அதற்குப் பிறகு மாவு வாளியைக் காலால் தள்ளி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

நான்காவது சரக்கை அவர் காட்டினது விஸ்வகர்மா பூஜை அன்று. அன்றைக்கு இந்த ஊரில் எல்லா இயந்திரங்களுக்கும் ஓய்வு. எங்கள் கிரைண்டருக்கும் பொட்டு வைத்து மாலை போட்டு நிறுத்தியிருந்தோம். வெளியே வானம் முழுக்கக் காற்றாடி. திதிமணி ஒரு வாழைப்பழத்தைக் கேட்டு வாங்கி மசித்தார். உப்புத் தண்ணீர் விட்டார், பாத்திரம் கழுவுகிற சோப்பில் கொஞ்சம் விட்டுக் கலக்கித் துணியில் வடிகட்டினார். பிறகு, ஐஸில் வைத்துக் கொண்டுவந்திருந்த ஸ்பிரிட்டைக் கண்ணாடி டம்ளரின் ஓரமாக மெதுவாக ஊற்றினார்.

"இப்ப பேசாதீங்க."

நான் எப்போது பேசினேன்? பார்த்துக்கொண்டே இருந்தேன். டம்ளருக்குள் ஒன்றுமில்லாத இடத்தில் வெள்ளையாக ஏதோ திரண்டது. நூல் நூலாக மேலே ஏறியது. வெளியே பறக்கிற காற்றாடிகளின் நூல் எல்லாம் அறுந்து உள்ளே வந்து விழுந்தது போல.

"இதுலதான் எழுதியிருக்கு. நீ வாழை, நீ இப்படித்தான் காய்க்கணும், நீ இப்படித்தான் இனிக்கணும்னு. மாவுச்சத்தும் கொழுப்பும் புரதமும் சேர்ந்து வேலை செய்றதெல்லாம் இந்த எழுத்தைப் பார்த்துத்தான். வாழைக்கும், எனக்கும், உங்களுக்கும், அந்த வாளிக்குள்ள இருக்கிறவங்களுக்கும் எழுத்து ஒண்ணேதான். மொத்தம் நாலே நாலு எழுத்து."

"நாலுதானா?"

"நாலுதான் அண்ணா."

எனக்குக் கை கூப்பத் தோன்றியது. வெட்கமாக இருந்ததால் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். அந்த டம்ளரைச் சாக்கடையில் ஊற்ற மனசில்லாமல், மாலை போட்ட கிரைண்டரின் பக்கத்தில் சாயங்காலம் வரை வைத்திருந்தேன்.

இப்போது செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு நாலு வயசு நடந்தபோது வயிறு உப்ப ஆரம்பித்தது. கையும் காலும் குச்சியாகிவிட்டன. ஓயாமல் வயிற்றுப்போக்கு. வயிற்றுக்கு லேசாக இருக்கட்டும் என்று நாங்கள் முதலில் நிறுத்தினது இட்லியைத்தான். புளித்த மாவு ஆகாது என்று என் மனைவி சொன்னாள், நானும் சரி என்றேன். பதிலாக ரவைக் கஞ்சி, பாலில் நனைத்த ரஸ்க், பிஸ்கட். பிள்ளை இன்னும் மெலிந்தாள்.

திதிமணி ஒரு நாள் அவளைப் பார்த்துவிட்டார். காலை நேரம், கடை நிறையக் கூட்டம். பாடம் சொல்கிற அதே குரலில் கேட்டார்: "அண்ணா, குழந்தைக்கு வெளிக்குப் போறது தண்ணில மிதக்குதா, முங்குதா?"

சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றேன். ஒருத்தர் வடையை வாய் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார்.

"மிதக்குதுங்க" என்று உள்ளேயிருந்து என் மனைவி சத்தமாகச் சொன்னாள்.

"கொழுப்பு உடம்புல சேராம வெளிய போகுது. இன்னைக்கே குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்கு இல்ல, இன்னைக்கு."

போனோம். ரத்தம் எடுத்தார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: கோதுமையில் இருக்கிற ஒரு புரதம் இவளுக்கு ஆகாது. ரவை, மைதா, ரஸ்க், பிஸ்கட் எதுவும் கூடாது. வாழ்நாள் முழுக்க.

"நம்ம என்ன ரொட்டி திங்கிற ஆளுகளா? அரிசிதான திங்கிறோம்? இது பெரிய கஷ்டமா?" என்று என் மனைவி சொன்னாள். அவள் முகத்தில் பல நாள் கழித்து உயிர் வந்திருந்தது. இட்லி திரும்ப வந்தது. சோறு, ரசம், மோர். கொஞ்ச நாளில் பிள்ளை தேறினாள். பிறகு நின்றுவிட்டது. மறுபடி வயிறு உப்பியது. தூக்கினால் கையில் எடையே தெரியவில்லை. டாக்டர் முகம் சுருங்கிவிட்டது. "எங்கேயோ கோதுமை போயிட்டிருக்கு. வீட்டுல விசாரிங்க. இப்படியே போனா பிள்ளை தாங்காது" என்றார்.

விசாரிப்பதற்கு ஒருத்தர்தான் இருந்தார். எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு வங்காளி அம்மா. நாங்கள் பௌதி என்போம், அண்ணி என்று அர்த்தம். பிள்ளை இல்லாதவர். செல்வியை 'ஷெல்பி' என்றுதான் அவருக்குக் கூப்பிட வரும். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு லூச்சி ஊட்டுவார். லூச்சி என்றால் மைதா பூரி. டாக்டர் சொன்ன அன்றே நிறுத்திவிட்டேன் என்று காளி மேல் சத்தியம் செய்தார். என் மனைவி நம்பவில்லை. செல்வியை மாடிக்கு அனுப்பாமல் கதவைச் சாத்தினாள். பௌதி மாடிப்படியில் உட்கார்ந்து, "நான் என்ன ஷெல்பிக்கு எதிரியா?" என்று அழுதது எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்டது. கதவைச் சாத்தின பிறகும் வயிறு இறங்கவில்லை. பிள்ளை நடக்காமல் படுத்தே கிடந்தாள்.

கடை இரண்டு நாள் பூட்டியிருந்ததைப் பார்த்துத் திதிமணி வீட்டுக்கே வந்தார். செல்வியின் பக்கத்தில் உட்காரவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. நேரே அடுப்படிக்குப் போனார்.

"காலையிலேர்ந்து என்ன கொடுத்தீங்க?"

"ரசஞ்சோறு மட்டுந்தான்" என்றாள் என் மனைவி.

"ரசத்துக்குள்ள என்ன இருக்கு?"

"புளி, தக்காளி, மிளகு, சீரகம், உப்பு."

"அப்புறம்?"

"பெருங்காயம். அது நெறையவே போடுறேன். வயிறு உப்பியிருக்குல்ல? வாயு எறங்கட்டும்னு மோர்லயும் கலந்து குடுக்கிறேன்."

"பெருங்காயத்துக்குள்ள என்ன இருக்கு?"

என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "பெருங்காயத்துக்குள்ள பெருங்காயந்தான் இருக்கும்!"

"கொண்டாங்க."

பவானிபூரில் ஒரு கடையில் சில்லறையாக வாங்கி டப்பாவில் கொட்டி வைத்திருந்த பொடி. அதில் ஒரு சிட்டிகையை வெள்ளைச் சாஸரில் வைத்துத் தண்ணீரில் குழைத்தார். "பெருங்காயம் ஒரு செடியோட வேர்ல வடியிற பால். காய்ஞ்சா பிசின். பிசின்ல மாவுச்சத்து இருக்கக் கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சீசாவைத் திறந்தார். ஒரு சொட்டு.

கருநீலம்.

நாங்கள் மூன்று பேரும் அந்தச் சாஸரைப் பார்த்தோம். நான் திதிமணியின் வாயைப் பார்த்தேன். அன்றைக்கு ஒரு நாள்தான் அவர் அழகு என்று சொல்லவில்லை. சீசாவை மூடும்போது மூடி இரண்டு தடவை நழுவியது.

"மாவு கலந்திருக்கு. என்ன மாவுன்னு இது சொல்லாது. அரிசியாவும் இருக்கலாம். போய்க் கேட்டுட்டு வாங்க அண்ணா."

பஸ் பிடித்துப் போனேன். கடைக்காரர் நம் ஊர்க்காரர். கேட்டதும் சிரித்தார். "ஏன்ப்பா, ஓட்டல் வச்சிருக்க, இது தெரியாதா? சுத்தப் பெருங்காயத்தை வாயில வைக்க முடியுமா? கூட்டுப் பெருங்காயம்னாலே மாவு கலக்குறதுதான். இதுல மைதா." அவர் மேல் தப்பில்லை. ஊரெல்லாம் அப்படித்தான் விற்கிறது. வயிறு உப்ப உப்ப நாங்கள்தான் இன்னொரு சிட்டிகை, இன்னொரு சிட்டிகை என்று மருந்தாகப் போட்டுக்கொண்டிருந்தோம். தமிழ்நாட்டு அடுப்படியில் வளர்ந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

திரும்பி வந்து சொன்னேன். என் மனைவி டப்பாவைத் தெருவில் வீசிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கோதுமை எம்புள்ளைய என்ன பாவத்துக்கு இப்படிப் படுத்துது?" என்றாள்.

அப்போதுதான் திதிமணி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "கோதுமை ஒண்ணும் பண்ணல அம்மா. உடம்புக்குள்ள காவல்காரங்க இருக்காங்க. அவங்க இந்தப் புரதத்தைத் திருடன்னு தப்பா நினைச்சுட்டாங்க. அதை அடிக்கிறதா நினைச்சு சொந்த வீட்டுச் சுவரை இடிக்கிறாங்க. குழந்தைக்குக் குடல் சுவர்தான் இடிஞ்சிருக்கு. சோறு ஒட்ட இடமில்ல." கொஞ்சம் நிறுத்தினார். மேலே கூரையைப் பார்த்தார். "நல்லவங்களைத் திருடன்னு நினைக்கிறது உடம்புக்குள்ள மட்டும் நடக்கிறது இல்லையே."

என் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். செல்வியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பௌதியின் குரல்: "இத்தனை நாளா எங்கடி இருந்தே, ஷெல்பி?"

சுவர் மெதுவாகத்தான் வளர்ந்தது. துர்கா பூஜை சமயத்தில் செல்வி பந்தலுக்கு நடந்தே வந்தாள். தை பிறந்தபோது பௌதி அரிசி மாவில் பிட்டே, நம்ம கொழுக்கட்டை மாதிரி, செய்து ஊட்டினார். திதிமணி அதிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். கருநீலம். "அரிசிதான் திதி, என் கையால இடிச்ச அரிசி!" என்று பௌதி பதறினார். "தெரியும். அழகா இருக்கேன்னு பார்த்தேன்" என்றார் திதிமணி. அப்புறம் செல்வியின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எலும்பு தெரியாமல் சதை ஏறியிருந்த கை. நேற்றுச் சோறாக இருந்தது இன்றைக்குக் கையாக இருக்கிறது என்று சொல்லி, அந்த வார்த்தையை ரொம்ப மெதுவாகச் சொன்னார். கீ ஷுந்தோர்.

யாரால் இந்த நோய் வந்தது என்று ஒரு தடவை அவரிடம் தனியாகக் கேட்டேன். என் பக்கமா, அவள் அம்மா பக்கமா? டம்ளரில் பார்த்தோமே, அந்த எழுத்தில் பாதி உங்களுடையது, பாதி அவள் அம்மாவுடையது என்றார். "எந்தப் பாதின்னு தேடாதீங்க. அவ சிரிக்கிறதும் அதே எழுத்துலதான் இருக்கு."

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், சீசாவைச் செல்வியிடம் கொடுத்துவிட்டார். வெளியில் எதைச் சாப்பிட்டாலும் முதலில் ஒரு துண்டை ஒதுக்கிச் சொட்டு விட்டுப் பார், நீலமானால் என்ன மாவு என்று கேட்காமல் தொடாதே, சொட்டு விட்ட துண்டைத் தூக்கிப் போட்டுவிடு என்று சொல்லிக் கொடுத்தார். மருந்துக் கடையில் வாங்கி அவள் நிரப்பிக்கொள்கிறாள். சீசா அதேதான்.

போன குளிர்காலத்தில் திதிமணி இறந்துபோனார். உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். சுடுகாடு இல்லை, காரியம் இல்லை. "கொள்ளிகூட இல்லையா?" என்று என் மனைவி அழுதாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படிக்கிற பிள்ளைகள் சுற்றி நின்று, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். அவருக்கு அது போதும். ஒரே ஒரு பிள்ளையாவது அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

நேற்று எங்கள் சந்தில் சரஸ்வதி பூஜை. இந்த ஊரில் அன்றைக்குப் புத்தகம், பேனா எல்லாவற்றையும் தேவியின் காலடியில் வைத்துவிடுவார்கள். மறுநாள் காலை எடுக்கும் வரைக்கும் யாரும் தொடக் கூடாது. இதை எழுத வாங்கி வைத்திருந்த பேனாவைச் செல்வி கொண்டுபோய் வைத்தாள். கூடவே அவள் கல்லூரிப் புத்தகங்கள், அந்தச் சீசா.

பூசாரி குனிந்து பார்த்தார். "இது என்ன ஷெல்பி, ஹோமியோபதி மருந்தா?"

"என் திதிமணியோட பேனா" என்றாள்.

பிரசாதமாக ஒரு சந்தேஷ் கொடுத்தார்கள். புதுக் கடையில் வாங்கியதாம். சந்தேஷ் என்றால் பாலைத் திரிய வைத்து எடுத்த சேனாவும் சர்க்கரையும்தான். ஆனால் சிலர் மைதா சேர்த்துவிடுவார்கள். சீசா தேவியின் காலடியில் இருந்தது. செல்வி அதைத் தொடவில்லை. சந்தேஷைக் கிண்ணத்தில் மூடி வைத்துக்கொண்டு இரவைக் கழித்தாள்.

இன்று காலை பூஜை கலைந்ததும் சீசாவை எடுத்து வந்தாள். ஓரத்தைக் கிள்ளிச் சாஸரில் வைத்து ஒரு சொட்டு விட்டாள். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அந்தச் சொட்டு விழும்போது நான் கைவேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன். என் மனைவியும் அடுப்பை விட்டு வந்து நின்றாள்.

சொட்டின் பழுப்பு பழுப்பாகவே இருந்தது.

"கீ ஷுந்தோர்!" என்றாள் செல்வி. மீதி சந்தேஷை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, என் பேனாவை நீட்டினாள். "இப்ப எழுதுங்கப்பா."

டாக்குரியா,
24-1-2026, சனிக்கிழமை,
சரஸ்வதி பூஜைக்கு மறுநாள்.